வெந்நீரூற்று நுண்ணுயிர்கள்: எது எங்கே வாழும் என்பதை முடிவு செய்வது சூடா, அமிலமா?

#1 துளிநீர்

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை மாணவர்களுக்காக வெப்பவிரும்பி நுண்ணுயிர்கள் பற்றிய குறிப்பும் ஒரு செய்முறையும் தயாராக வேண்டும். களமாக எடுத்திருப்பது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா. இரண்டு இடத்தில் முட்டுகிறது.

முதலாவது: பாடநூல்களில் 45 டிகிரிக்கு மேல் வெப்பவிரும்பி, 80க்கு மேல் அதிவெப்பவிரும்பி என்று கோடு கிழித்து, அதன் கீழே பெயர்களை அடுக்கிவிடுகிறார்கள். ஆனால் அதே 80 டிகிரியில் ஆக்டோபஸ் ஊற்றில் ஒரு கூட்டமும் நாரிஸ் பகுதி ஊற்றுகளில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கூட்டமும் இருக்கின்றன. அப்படியிருக்கச் சூட்டை மட்டும் வைத்து அட்டவணை போடுவது நியாயமா?

இரண்டாவது: ஊற்று நீரைச் சத்து ஊடகத்தில் விட்டு 55 டிகிரியில் வைத்தால் எப்போது பார்த்தாலும் வித்து (ஸ்போர்) உண்டாக்கும் பாசில்லஸ் வகைதான் வளர்கிறது. ஊற்றில் வாழும், வித்தில்லாத தெர்மஸ் பாக்டீரியா வருவதே இல்லை. எங்கே தவறு?

#2 பெட்ரித்தட்டு

இரண்டாவது எளிது, அதை முதலில் முடித்துவிடலாம்.

55 டிகிரியும் முழுச் சத்து ஊடகமும் சேர்ந்தால் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வராமல் வேறென்ன வரும்? பாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்பது அதன் பழைய பெயர். அதன் வித்து தோட்டத்து மண்ணிலும் தூசியிலும் கிடக்கிறது. ஊற்று நீரில் அது இருந்ததால் அங்கே வாழ்ந்தது என்று ஆகாது. விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். சத்து கண்டவுடன் முளைத்து ஒரே இரவில் குடுவையைக் கலக்கிவிடும். மெதுவாக வளரும் ஊற்றுவாசிக்கு அதன்பின் ஒன்றும் மிச்சமிருக்காது.

யெல்லோஸ்டோன் ஊற்றுகளை ஆராய்ந்த நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்குக்கு முன்னால் பெரும்பாலோர் இப்படித்தான் 55லேயே வளர்த்து, வெப்பவிரும்பி என்றாலே பாசில்லஸ் என்று நினைத்திருந்தார்கள். 1966இல் மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியிலிருந்து பிராக்கும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் தெர்மஸ் அக்வாட்டிகஸைப் பிரித்தெடுத்தார்கள், 1969இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த மாற்றம் இரண்டே: சூட்டை 70ஐத் தாண்டி ஏற்றினார்கள், சத்தைக் குறைத்தார்கள்.

ஊடகம் இப்படி. முதலில் காஸ்டன்ஹோல்ஸ் உப்புக் கரைசலைப் பத்து மடங்கு செறிவில் செய்து வையுங்கள். 1 லிட்டருக்கு நைட்ரிலோட்ரைஅசிட்டிக் அமிலம் 1 கிராம், கால்சியம் சல்ஃபேட் 0.6, மக்னீசியம் சல்ஃபேட் 1, சோடியம் குளோரைடு 0.08, பொட்டாசியம் நைட்ரேட் 1.03, சோடியம் நைட்ரேட் 6.89, டைசோடியம் ஃபாஸ்ஃபேட் 1.11 கிராம். இதோடு 0.03 சதவீத ஃபெரிக் குளோரைடு 10 மி.லி., நுண்தனிமக் கரைசல் 10 மி.லி. அந்த முதல் அமிலம் வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் காரம் சேர்த்து அதை முழுதாகக் கரைத்தபின்தான் மற்றவற்றைப் போட வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் இரும்பும் கால்சியமும் ஃபாஸ்ஃபேட்டோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும்.

இதில் 100 மி.லி.யும் தண்ணீர் 900 மி.லி.யும். டிரிப்டோன் 1 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம். உப்பையும் சத்தையும் தனித்தனியே ஆட்டோகிளேவ் செய்து ஆறியபின் கலக்கவும். பி.எச். 7.6 முதல் 8.2 வரை. குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 70 டிகிரி நீரில் கரையும் ஆக்சிஜன் அறைச்சூட்டில் கரைவதில் பாதிக்கும் கீழே. தெர்மஸுக்கு ஆக்சிஜன் வேண்டும். நிதானமாகக் குலுக்குங்கள், வாயை நன்றாக மூடுங்கள், இல்லையென்றால் இரண்டு நாளில் நீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும்.

கெட்டித் தட்டு வேண்டுமென்றால் அகார் 3 சதவீதம். வழக்கமான 1.5 சதவீதம் 70 டிகிரியில் நீர் கசிந்து சொதசொதவென்று ஆகி, காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மஞ்சள் காலனி, கிராம் எதிர்மறை, வித்து இல்லை என்று மூன்றும் பொருந்தினால் தெர்மஸ் என்று முதற்கட்டமாக எழுதலாம். மாலகைட் பச்சைச் சாயமேற்றி வித்து இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

யெல்லோஸ்டோனுக்குப் போக வேண்டியதும் இல்லை. சூடுநீர்த் தொட்டிகளில் தெர்மஸ் இருப்பதைப் பிராக்கின் குழுவே காட்டியிருக்கிறது. எப்போதும் 60-80 டிகிரியில் நிற்கும் விடுதி அல்லது சலவைக்கூடத்து வெந்நீர்த் தொட்டி உங்கள் செய்முறைக்குப் போதும். அவ்வப்போது மட்டும் போடுகிற வீட்டு கீசர் அவ்வளவு உதவாது.

#3 அகழ்வான்

முதல் கேள்விக்கு என் பதில்: ஒரு ஊற்றுக்குள் சூடுதான் பிரிக்கிறது. ஆக்டோபஸ் ஊற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா மிகுந்த, சற்றே காரமான நீர், பி.எச். 8ஐத் தாண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ஊற்றின் வாய் கொதிநிலையை ஒட்டி இருக்கிறது. வாயிலிருந்து வழிந்தோடும் நீர் அடிக்கு அடி ஆறுகிறது. அந்த ஓடையோரம் நடந்தாலே அட்டவணை கண்முன் விரியும்.

82 முதல் 88 டிகிரி வரை இளஞ்சிவப்பு இழைகள் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். பிராக் 1960களிலேயே இவற்றைக் குறித்தார், ஆனால் வளர்க்க முடியவில்லை. 1994இல் 16எஸ் மரபணுவை (உயிரிகளின் உறவைக் கணிக்க உதவும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு) வைத்து இவை அக்விஃபெக்ஸ் என்ற பாக்டீரியாக் குடும்பத்துக்கு நெருக்கம் என்று தெரிந்தது. 1998இல்தான் தெர்மோகிரினிஸ் ரூபர் என்று பெயர் பெற்று வளர்ப்புக்கு வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு: அசையாத குழாயில் வளர்த்தால் தனித்தனிக் குச்சிகளாகத்தான் இருக்கும். ஊடகம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால்தான் இளஞ்சிவப்பு இழையாகும். ஓட்டத்தை விட்டுவிட்டு வேதியியலை மட்டும் ஊடகத்தில் கொண்டுவருகிறவர்கள் உருவத்தைத் தவறவிடுகிறார்கள்.

73-74 டிகிரிக்குக் கீழே வந்ததும் நிறம் மாறும். ஒளிச்சேர்க்கையின் மேல் வரம்பு அது. அங்கே தொடங்குவது சினெக்கோகாக்கஸ், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா. அதற்குக் கீழே நுண்ணுயிர்ப் பாய்: மேலே 1 மில்லிமீட்டர் பச்சை, அடியில் ரோசிஃப்ளெக்சஸும் குளோரோஃப்ளெக்சஸும் சேர்ந்த ஆரஞ்சு. சினெக்கோகாக்கஸிலும் ஒரே வகை இல்லை. மேல் விளிம்பில் ஒரு வகை, 60ஐ ஒட்டி வேறொன்று, 50ஐ ஒட்டி இன்னொன்று. உருளை வடிவம் ஒன்றே, நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாது. மரபணு பார்த்தால்தான் தெரியும். சில டிகிரி மாறினால் குடி மாறுகிறது. இதைவிடச் சூட்டின் ஆட்சிக்கு என்ன சான்று வேண்டும்?

#4 வெந்நீர்ப்பாசி

அகழ்வான் சார், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பி.எச். மாறாத ஒரு ஓடையை எடுத்துக்கொண்டு பி.எச். முக்கியம் இல்லை என்று காட்டிவிட்டீர்கள். பூங்கா முழுவதையும் எடுத்துப் பாருங்கள்.

யெல்லோஸ்டோன் ஊற்றுகளின் பி.எச்.ஐ வரைபடமாக்கினால் இரண்டு குன்றுகள் எழும்: ஒன்று 2-3 அருகே, மற்றொன்று நடுநிலைக்கும் காரத்துக்கும் இடையே. நடுவில் 4-5 பக்கம் ஊற்றுகள் குறைவு. காரணம் வேதியியல். ஒரு பக்கம் கந்தக அமிலமும் பைசல்ஃபேட்டும் தாங்கிப் பிடிக்கின்றன, மறுபக்கம் பைகார்பனேட். இரண்டுக்கும் நடுவில் தாங்க ஆளில்லை, எனவே நீர் ஏதாவதொரு பக்கம் சரிந்துவிடுகிறது. ஆழத்து வெந்நீர் அப்படியே மேலே வந்தால் கார ஊற்று. நீராவி மட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுமந்து வந்து மேல்மண் நீரில் கரைந்தால் அமிலச் சேற்றுக்குளம்.

இப்போது உயிர்களைப் பாருங்கள். பி.எச். 4க்குக் கீழே சயனோபாக்டீரியா இல்லை. பிராக் 1973இல் இதை எழுதினார். அமில ஊற்றில் பச்சை தெரிந்தால் அது சயனிடியம் கூட்டத்துச் செம்பாசி, அதாவது உட்கரு உள்ள உயிரி. 56-57 டிகிரியோடு அது நின்றுவிடும். ஆக, கார ஊற்றில் ஒளிச்சேர்க்கை 73 வரை, அமில ஊற்றில் 56 வரை. 65 டிகிரி என்று மட்டும் சொன்னால் அங்கே பச்சை இருக்குமா என்று உங்களால் சொல்ல முடியாது. பி.எச். சொன்னால் முடியும்.

80 டிகிரியிலும் இதே கதை. பி.எச். 8இல் தெர்மோகிரினிஸ். பி.எச். 2-3இல் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ், அது ஆர்க்கியா, அதாவது பாக்டீரியா அல்லாத தனிக் கிளை நுண்ணுயிர். 1972இல் பிராக் குழு விவரித்தது. ஒன்றின் செல்சவ்வு மற்றதன் இடத்தில் நிற்காது. சல்ஃபோலோபஸின் சவ்வு, இரு முனையும் ஒட்டிய டெட்ராஈத்தர் லிப்பிடால் ஆன ஒற்றை அடுக்கு. வெளியே பி.எச். 2, உள்ளே நடுநிலைக்கு அருகே. வெளியிலிருந்து புரோட்டான் ஒழுகி வராமல் அந்தச் சவ்வுதான் அணை கட்டுகிறது.

#5 அகழ்வான்

ஏற்றுக்கொள்கிறேன், பாசி அக்கா. திருத்திச் சொல்கிறேன்: ஊற்றுக்கும் ஊற்றுக்கும் இடையே பி.எச்., ஒரே ஊற்றின் ஓடைக்குள் சூடு. துளிநீர், அட்டவணையை இரண்டு அச்சில் போடுங்கள்.

அத்தோடு நின்றால் அதுவும் குறைதான். நாரிஸில் டிராகன் ஊற்று, பி.எச். சுமார் 3. வாயருகே கந்தக மஞ்சள், அங்கே ஹைட்ரோஜெனோபாக்குலம் என்ற பாக்டீரியா கோலோச்சுகிறது. சில மீட்டர் தாண்டினால் பழுப்பு. இரும்பு ஆக்சைடு படிகிறது, ஆர்செனைட்டு ஆர்செனேட்டாக மாறுகிறது. பி.எச். அநேகமாக மாறவில்லை, சூடும் அதிகம் இறங்கவில்லை. மாறியது சல்ஃபைடு. வாயில் கரைந்திருந்த சல்ஃபைடு வழியில் காற்றில் பறந்தும் ஆக்சிஜனேறியும் தீர்ந்துபோகிறது. சல்ஃபைடு இருக்கும்வரை ஆர்செனைட்டு ஆக்சிஜனேற்றம் தடைபடுகிறது, அது தீர்ந்தபின்தான் தொடங்குகிறது. இரண்டு அச்சு அட்டவணையில் இந்த இரண்டு இடமும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும்.

73-74க்கு மேல் ஒளி உதவாது என்பதால் ஆற்றல் முழுவதும் வேதிப்பொருளிலிருந்துதான். 2005இல் வந்த ஒரு யெல்லோஸ்டோன் ஆய்வு, அங்கே ஹைட்ரஜன் வாயுதான் முக்கிய எரிபொருள் என்று வாதிட்டது. அக்விஃபெக்ஸ் கூட்டம் அவ்வளவு பரவலாக இருப்பதற்கு அது பொருந்துகிறது.

#6 வெந்நீர்ப்பாசி

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமிலத்தை நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. சல்ஃபைடு காற்றுப்பட்டுத் தானாகவே தனிமக் கந்தகம் வரை போகும். அந்தச் சூட்டில் கந்தகத்தைக் கந்தக அமிலம்வரை விரைவாகக் கொண்டுபோவது சல்ஃபோலோபஸ் போன்றவை. பி.எச். என்பது அவற்றுக்கு வாய்த்த சூழல் மட்டும் இல்லை, அவை கட்டிக்கொண்ட வீடும்கூட. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் விடமாட்டார்கள், நிறையக் கேட்பார்கள்.

#7 துளிநீர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் களத்தில் எதை, எப்படி அளக்க வேண்டும் என்பதும் குறிப்பில் வர வேண்டும். பலருடைய தரவில் பி.எச். ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லையே, ஏன்?

#8 அகழ்வான்

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் தவறு, நீரைப் புட்டியில் பிடித்து ஆற வைத்து, முகாமுக்குப் போய் அளப்பது. வழியிலேயே கரியமிலவாயு வெளியேறிக் கார ஊற்றின் பி.எச். ஏறிவிடும். ஊற்றின் ஓரத்திலேயே அளக்கவும்.

இரண்டாவது, கருவியில் வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே என்ற நம்பிக்கை. அந்தத் திருத்தம் மின்முனையின் சரிவை மட்டும்தான் சரிசெய்யும்: 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட், 80இல் 70. நீரின் வேதியியல் மாறுவதை அது திருத்தாது. 80 டிகிரியில் நடுநிலை என்பதே 7 இல்லை, சுமார் 6.3. எந்தச் சூட்டில் அளந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதாத பி.எச். எண்ணுக்கு மதிப்பில்லை. தாங்கல் கரைசலையும் புட்டியோடு ஊற்றோர நீரில் சூடாக்கி, புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அட்டவணைப்படி அளவீடு செய்யுங்கள். அதிச்சூட்டைத் தாங்காத சாதாரண மின்முனை சில நாளில் பழுதாகும். அதற்கென்று உள்ளதை வாங்குவது நல்லது.

மூன்றாவது, தடித்த கண்ணாடி வெப்பமானி. ஓடையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் கையகல தூரத்தில் 10 டிகிரிகூட மாறும். கண்ணாடிக் குமிழ் அந்த வேறுபாட்டை எல்லாம் சராசரியாக்கிவிடும். மெல்லிய கே வகைத் தெர்மோகப்பிள் முனையை, மாதிரி எடுக்கும் அதே இடத்தில், அதே ஆழத்தில் வைத்துச் சில நிமிடம் பாருங்கள். நீர்மட்டம் எழுந்து இறங்கும் ஊற்று என்றால் எண்ணும் எழுந்து இறங்கும். குறைந்தது, கூடியது இரண்டையும் எழுதவும்.

சல்ஃபைடை அங்கேயே துத்தநாக அசிட்டேட்டில் பிடித்து வைத்துவிட வேண்டும். பிறகு மெத்திலீன் நீல முறையில் நிதானமாக அளக்கலாம். தாமதித்தால் சில நிமிடத்தில் எண் சரிந்துவிடும்.

பாய் மாதிரிக்குத் துருவல் வேண்டாம். 8 மில்லிமீட்டர் தக்கைத் துளைப்பானால் உருளையாக எடுத்து, உடனே உறையவைத்து, பிளேடால் மேல் 1 மில்லிமீட்டரைத் தனியே சீவுங்கள். மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் அந்த மேலடுக்கு ஆக்சிஜனில் நனைந்திருக்கும். இருட்டிய சில நிமிடத்தில் ஆக்சிஜனே இருக்காது. சினெக்கோகாக்கஸின் நைட்ரஜன் நிலைப்படுத்தும் மரபணுக்கள் மாலையில்தான் இயங்கத் தொடங்குகின்றன. நண்பகல் மாதிரியையும் நள்ளிரவு மாதிரியையும் ஒப்பிட்டால் இடத்தின் வேறுபாட்டைக் காண மாட்டீர்கள், நேரத்தின் வேறுபாட்டைத்தான் காண்பீர்கள்.

ஊற்றோரத்துச் சிலிக்கா ஓடு பார்க்கப் பாறைபோல் இருந்தாலும் அடியில் கொதிநீர் இருக்கலாம். நீண்ட கழியில் அகப்பை கட்டித்தான் எடுக்க வேண்டும். ஓட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. தாழ்வான இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். முட்டை வாடை திடீரென்று மறைந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மூக்கு மரத்திருக்கலாம், உடனே விலகுங்கள்.

#9 மெய்க்கரு

வளர்ப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், மரபணு பக்கமும் வாருங்கள். ஆக்டோபஸ் ஊற்றின் பாயில் சினெக்கோகாக்கஸ் லிவிடஸ்தான் முக்கிய உயிரி என்று வளர்ப்பை வைத்து நம்பியிருந்தார்கள். 1990இல் வார்டு குழு பாயிலிருந்தே 16எஸ் ஆர்.என்.ஏ. வரிசைகளை எடுத்துப் பார்த்தபோது, வளர்த்து வைத்திருந்த எதுவும் அங்கே கிடைத்த வரிசைகளோடு பொருந்தவில்லை. ஊடகத்துக்குப் பிடித்தது வளர்ந்திருக்கிறது, பாயில் மிகுந்தது வளரவில்லை. பிறகு மாதிரியை மிக அதிகமாக நீர்த்து, எண்ணிக்கையில் மிகுந்தது மட்டும் மிஞ்சும்படி வளர்த்தபோதுதான் உண்மையான குடிகள் கைக்கு வந்தன. துளிநீர், பத்தின் மடங்குகளாக நீர்த்துக் கடைசியில் வளர்ந்த குழாயை எடுக்கும் இந்த முறையைச் செய்முறையில் கட்டாயம் சேருங்கள்.

அடுத்தது அப்சிடியன் குளம். 1990களின் நடுவில் அங்கே கோரார்க்கியோட்டா என்ற ஆர்க்கியாக் கிளை தென்பட்டது. 1998இல் அதே குளத்தின் பாக்டீரியா வரிசைகளிலிருந்து 12 புதிய தொகுதிகளை முன்மொழிந்தார்கள், ஓ.பி.1 முதல் ஓ.பி.12 வரை. ஓ.பி. என்பது அந்தக் குளத்தின் பெயர்ச்சுருக்கம்தான். அதுவரை எந்தத் தட்டிலும் வளராதவை. ஓ.பி.5 பின்னர் ஜப்பானிய ஊற்று ஒன்றிலிருந்து வளர்க்கப்பட்டு கால்டிசெரிக்கா ஆனது, ஓ.பி.10 ஆர்மாட்டிமோனடீட்ஸ் ஆனது. கைப்பிடிச் சேற்றில் இத்தனை கிளைகள் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கோரார்க்கியம் கிரிப்டோஃபிலத்தின் மரபணுத்தொகுதி 2008இல் வந்த விதமும் சுவையானது. 85 டிகிரியில் கலப்பு வளர்ப்பு, அதில் மெல்லிய இழையாக இது. எஸ்.டி.எஸ். சோப்பில் மற்ற செல்கள் கரைய, இது கரையாமல் நின்றது. அந்த உறுதியைப் பயன்படுத்தியே பிரித்தெடுத்தார்கள்.

#10 துளிநீர்

டி.என்.ஏ. எடுப்பதில் அமில ஊற்றுகளில் கையில் ஒன்றுமே கிடைப்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். காரணம்?

#11 மெய்க்கரு

பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

செல் எண்ணிக்கையே குறைவு. லிட்டர் கணக்கில் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். நானோஆர்க்கியா செல்கள் 0.4 மைக்ரான்தான், 0.45 வடிகட்டி போட்டால் அவை நழுவிவிடும். நீர் சூடாக இருக்கும்போதே வடிக்கவும். ஆறினால் கரைந்திருந்த சிலிக்கா பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

பி.எச். 2 நீர் ஒட்டிய படிவை அப்படியே சூடான கரைப்புக் கரைசலில் போட்டால் டி.என்.ஏ.வின் பியூரின்கள் கழன்று துண்டுதுண்டாகும். முதலில் பி.எச். 8 தாங்கல் கரைசலில் இரண்டு முறை கழுவவும். கரைப்புக்குப் பின் பி.எச். தாளில் ஒரு துளி வைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் டி.என்.ஏ.வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கரைப்புக் கரைசலில் சோடியம் ஃபாஸ்ஃபேட் சேர்த்தால் ஃபாஸ்ஃபேட் அந்த இடங்களைப் பிடித்து டி.என்.ஏ.வை விடுவிக்கும்.

இவ்வளவு குறைந்த டி.என்.ஏ. என்றால் வினைப்பொருளில் இருக்கும் அசுத்தமே முன்னால் வந்து நிற்கும். நீர் மட்டும் வடித்த வெற்று மாதிரி ஒன்றை, முதல் படி முதல் வரிசையாக்கம் வரை கூடவே நடத்துங்கள். வெற்று மாதிரியில் வந்த பெயரை ஊற்றின் பட்டியலில் எழுதக் கூடாது.

பிரைமர் (மரபணுவைப் பெருக்கத் தொடங்க அதில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) விஷயம் இன்னும் மோசம். ‘எல்லாவற்றுக்கும் பொது’ என்று விற்கும் பிரைமர்கள் பொது இல்லை. 2002இல் நானோஆர்க்கியம் எக்விட்டன்ஸ் ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடி ஊற்றில் கிடைத்தபோது, வழக்கமான பொதுப் பிரைமர்கள் அதன் 16எஸ் மரபணுவில் ஒட்டவே இல்லை. பழைய 515எஃப் என்ற பிரைமர் சில ஆர்க்கியாவைக் குறைத்துக் காட்டியது. 2016இல் திருத்திய வடிவத்தையே வாங்குங்கள். தெர்மோபுரோட்டியேல்ஸ் வரிசையில் பலவற்றின் 16எஸ் மரபணுவுக்குள் இன்ட்ரான் என்ற இடைச்செருகல் துண்டு உண்டு. அது பிரைமர் ஒட்டும் இடத்தைப் பிளந்தால் பெருக்கமே இருக்காது. நடுவில் விழுந்தால் துண்டு நீண்டு, அளவு பார்த்து வெட்டும்போது குப்பைக்குப் போய்விடும். ஊற்றில் மிகுந்து கிடக்கும் உயிரி பட்டியலில் காணாமல் போவது இப்படித்தான். சந்தேகம் இருந்தால் பிரைமர் இல்லாமல் முழு மரபணுக்கலவையையும் வரிசையாக்குங்கள்.

#12 துளிநீர்

சூடு கூடக்கூட டி.என்.ஏ.வில் ஜி-சி (குவானின்-சைட்டோசின்) விகிதம் கூடும் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

#13 மெய்க்கரு

முழு மரபணுத்தொகுதிக்கு அது தவறு, எடுத்துவிடுங்கள். 80 டிகிரியில் வாழும் சல்ஃபோலோபஸின் ஜி-சி சுமார் 37 சதவீதம்தான். 70இல் வாழும் தெர்மஸில் 65ஐத் தாண்டும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் மடிப்புத் தண்டுகளில் மட்டும் சூட்டோடு ஜி-சி ஏறுகிறது. அதனால்தான் 16எஸ் பெருக்கும்போது இழைகள் பிரிய மறுக்கின்றன; டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 5 சதவீதம் சேர்த்தால் சரியாகும். டி.என்.ஏ.வைக் காப்பதில் முக்கியப் பங்கு ரிவர்ஸ் கைரேஸ் நொதிக்கு. அதிவெப்பவிரும்பிகளின் பொது அடையாளம் என்று சொல்லத்தக்க ஒரே புரதம் அது.

#14 வெந்நீர்ப்பாசி

வைரஸை எல்லோரும் மறந்துவிட்டோம். 80 டிகிரி அமிலக் குளத்தில் புரோட்டோசோவா இல்லை. உட்கரு உயிரிகள் 60ஐ ஒட்டியே நின்றுவிடும். அங்கே சல்ஃபோலோபஸைக் கட்டுப்படுத்துவது வைரஸ் மட்டுமே. யெல்லோஸ்டோனில் கிடைத்து 2004இல் விவரிக்கப்பட்ட கோபுர வைரஸ், செல்லின் மேல் ஏழு பக்கப் பிரமிடுகளை எழுப்பி அவற்றைப் பூவிதழ்போல் திறந்துகொண்டு வெளியேறுகிறது. ஆர்க்கியா வைரஸ்களுக்கு வெளியே காணாத வழி. பல்வகைமை என்று எழுதும்போது இதற்கும் ஒரு பத்தி கொடுங்கள்.

#15 திருமலைக்காரன்

வணக்கம். எங்கட திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் இப்படி வெப்பவிரும்பிகள் இருக்குமோ? ஏழு கிணறும் ஏழு சூடு எண்டு சனம் சொல்லும்.

#16 அகழ்வான்

வணக்கம் ஐயா. கன்னியாவின் சூடு 40 டிகிரியை ஒட்டியது. தெர்மஸும் சல்ஃபோலோபஸும் அங்கே வாழ வழியில்லை. சூடு தாங்கும் சாதாரண பாக்டீரியாவும், சுவரில் படரும் சயனோபாக்டீரியாவும் இருக்கலாம். 70 டிகிரியில் வளர்ப்பு போட்டு ஏதாவது வந்தாலும் அது விழுந்து கிடந்த வித்தாக இருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரித்தட்டு மேலே சொன்ன அதே பொறி. கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது உண்மைதான். அதை அளப்பதாக இருந்தால் ஆட்கள் அள்ளிக் குளிக்கத் தொடங்கும் முன், விடியற்காலையில் அளக்கவும். அள்ள அள்ளப் புது நீர் ஊறி எண் மாறும், தோல் பாக்டீரியாவும் சவர்க்காரமும் மாதிரியில் கலக்கும். இலங்கையில் வெப்பவிரும்பி தேட வேண்டுமென்றால் 50ஐத் தாண்டும் மகா ஓயா பொருத்தம்.

இந்தியாவில் என்றால் கொதிநிலையை ஒட்டிய மணிகரண், லடாக்கின் பூகா, ஜார்க்கண்டின் சூரஜ்குண்டு. பூகா 4,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே நீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எனவே 90 டிகிரி உயிரியை அங்கே தேடிப் பயனில்லை.

#17 பெட்ரித்தட்டு

அனுமதி பற்றி ஒரு வரி. யெல்லோஸ்டோனில் பூங்காவின் ஆய்வு அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் நொதியான டாக் பாலிமரேஸ் அங்கே எடுத்த தெர்மஸிலிருந்து வந்தது, பி.சி.ஆர். காப்புரிமை 1991இல் 30 கோடி டாலருக்குக் கைமாறியது. பூங்காவுக்கு அதில் பங்கு எதுவும் வரவில்லை. பயன்பகிர்வு பற்றிய பேச்சே அதன் பிறகுதான் சூடுபிடித்தது. இந்திய ஊற்று என்றால் வெளிநாட்டவருக்கு மாதிரியோ வளர்ப்போ கொடுக்குமுன் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

#18 துளிநீர்

கடைசியாக ஒன்று. சல்ஃபோலோபஸைத் தட்டில் வளர்க்க முயன்றால் அகார் உறையவே இல்லை. உறைந்த ஒன்றிரண்டு தட்டும் 78 டிகிரியில் இரண்டு நாளில் வெடித்து உரிந்துவிட்டன. மாதிரியும் ஐஸில் வைத்து வந்தபின் வளரவில்லை.

#19 பெட்ரித்தட்டு

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

மாதிரி: பி.எச். 2 நீரில் சூடு இருக்கும்வரைதான் செல்லால் அமிலத்தை வெளியே தள்ள முடியும். குளிரில் ஆற்றல் நின்று, புரோட்டான் உள்ளே புகுந்து செத்துவிடும். களத்திலேயே கால்சியம் கார்பனேட் தூவிப் பி.எச்.ஐ 5-6க்கு ஏற்றிய பின்தான் ஆறவிட வேண்டும். நுரைத்து வாயு வரும், மூடியை உடனே இறுக்காதீர்கள். காற்றை வெறுக்கும் நடுநிலை ஊற்று அதிவெப்பவிரும்பிகள் இதற்கு நேர் எதிர்: குளிரில் செயலற்றுக் கிடப்பதால் ஆக்சிஜன்கூட அவற்றை அதிகம் வாட்டாது, 4 டிகிரியில் நெடுநாள் இருக்கும்.

அகார்: அமிலத்தில் சூடாக்கினால் அகார் உடைந்து கூழாகிவிடும். கெலான் கம் வாங்குங்கள், ஜெல்ரைட் என்ற பெயரிலும் கிடைக்கும். ஊடகம், 1 லிட்டருக்கு: அம்மோனியம் சல்ஃபேட் 1.3 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்ஃபேட் 0.28, மக்னீசியம் சல்ஃபேட் 0.25, கால்சியம் குளோரைடு 0.07, ஃபெரிக் குளோரைடு 0.02, ஈஸ்ட் சாறு 1 கிராம், நுண்தனிமம். 10 நார்மல் கந்தக அமிலத்தால் பி.எச். 2.0 முதல் 3.0 வரை. தட்டுக்கு இந்த ஊடகத்தை இரட்டைச் செறிவில் தனியே, கெலானை 1.2-1.6 சதவீதமாக வெறும் நீரில் தனியே தயாரியுங்கள். ஊடகப் பக்கத்தில் கலந்தபின் 10 மில்லிமோலார் வரும்படி மக்னீசியம் குளோரைடு கூட்டுங்கள், அந்த உப்பு இல்லாமல் கெலான் உறையாது. இரண்டும் 85 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சம அளவில் கலந்து உடனே ஊற்றவும். கொஞ்சம் ஆறினாலும் புட்டிக்குள்ளேயே கட்டியாகிவிடும். தட்டுகளையும் முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் மேற்பரப்பு சமமாக அமையும்.

வெடிப்பு: ஒரு தட்டுக்கு 25-30 மி.லி. ஊற்றுங்கள், 15 போதாது. 78 டிகிரியில் சாதாரண பாலிஸ்டைரீன் தட்டு வளையத் தொடங்கும், கண்ணாடித் தட்டு பாதுகாப்பு. மூடி இறுகிய உலோகப் பெட்டியில் ஈரத் துணியை அடியில் விரித்து, தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, 5 முதல் 7 நாள் விடுங்கள். மூன்றாம் நாள் துணியைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் 75 டிகிரிக்குச் சூடாக்கிய நீரை ஊற்றவும். குளிர்ந்த நீர் ஊற்றினால் பெட்டிக்குள் ஆவி திரண்டு தட்டின் மேல் சொட்டி, காலனிகள் கலைந்துவிடும்.